கம்ப்யூட்டரில் தாயக்கட்டை: கோடை விடுமுறைக்கு ஐந்து நாள் பாடம்

கோடை விடுமுறை வந்துவிட்டது. வெளியே தலை காட்ட முடியாத வெயில். பிள்ளைகள் நாள் முழுக்க வீட்டில். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடு என்றால் காலை பத்து மணிக்கே "நான்தான் முதல்ல" என்று சண்டை ஆரம்பமாகிவிடும். ஒரு பிள்ளைக்கு கேம்ஸ் வேண்டும், இன்னொன்றுக்கு வீடியோ வேண்டும். வீட்டுப் பெரியவர்களோ நமக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று தள்ளி உட்கார்ந்துவிடுவார்கள். சம்மர் கேம்ப் அனுப்பலாம் என்றால் கட்டணம், போய் வர ஆட்டோ என்று செலவு இழுத்துக்கொண்டே போகும்.

பைசா செலவில்லாமல், ஆச்சி முதல் பேரன் வரை எல்லோரும் சேர்ந்து செய்யக்கூடிய ஒரு வேலையை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். நம் வீடுகளில் காலம் காலமாக உருட்டி விளையாடும் தாயக்கட்டையைக் கம்ப்யூட்டரில் நாமே தயாரிக்கப் போகிறோம். ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம் வீதம் ஐந்து நாட்கள் போதும். புரோகிராமிங் முன்பின் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மவுஸைப் பிடித்து இழுக்கத் தெரிந்தால் சரி.

போன மே மாதம் என் அக்கா பிள்ளைகளோடு இதைச் செய்தேன். மூத்தவளுக்கு 11 வயது, சின்னவனுக்கு 8 வயது. அப்போது நான் ஒரு தவறு செய்தேன். அதையும் மறைக்காமல் சொல்லப் போகிறேன். இந்தப் பாடத்தில் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் அந்தத் தவறில்தான் இருக்கிறது.

தேவையானவை

1. இன்டர்நெட் இணைப்புள்ள கம்ப்யூட்டர். புதிய குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ் ஆகிய பிரவுசர்களில் ஏதாவது ஒன்று.
2. ஸ்கிராட்ச் என்ற இலவச சாப்ட்வேர். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் மிச்செல் ரெஸ்னிக் தலைமையிலான குழு உருவாக்கி, 2007ஆம் ஆண்டு பொதுமக்களுக்கு வழங்கியது. இதன் 3.0 பதிப்பு 2019 ஜனவரியில் வெளியானது. 8 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்துத் தயாரிக்கப்பட்டது என்றாலும் பெரியவர்களும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.
3. வீட்டில் இருக்கும் பித்தளைத் தாயக்கட்டை ஒரு ஜோடி.
4. ஒரு நோட்டு, பேனா, தரையில் கட்டம் போட ஒரு சாக்பீஸ். காய்களுக்குப் புளியங்கொட்டை, கூழாங்கல், உடைந்த வளையல் துண்டு எது வேண்டுமானாலும் இருக்கட்டும்.

ஸ்கிராட்ச்சில் கணக்குத் தொடங்காமலேயே வேலை செய்யலாம். பெயர், இமெயில் எதுவும் கொடுக்கத் தேவையில்லை. அடிக்கடி நெட் கட்டாகும் வீடுகளில், அதன் தளத்திலேயே கிடைக்கும் ஆப்லைன் பதிப்பை டவுன்லோடு செய்து இன்ஸ்டால் செய்துகொள்ளலாம். அதற்கு விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தைய விண்டோஸ் வேண்டும்.

தாயக்கட்டை ஒரு நினைவூட்டல்

நீளமான இரண்டு கட்டைகள். ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம். ஒரு பக்கம் வெறுமை. மற்ற பக்கங்களில் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி. இரண்டையும் சேர்த்து உருட்டி, மேலே தெரியும் புள்ளிகளைக் கூட்ட வேண்டும். மொத்தம் ஒன்று என்றால் தாயம். இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் பூஜ்ஜியம் அல்ல, பன்னிரண்டு. ஆக விழக்கூடிய எண்கள் 1, 2, 3, 4, 5, 6, 12 ஆகிய ஏழு மட்டுமே. தாயம் விழுந்தால்தான் காயைக் கட்டத்தில் இறக்க முடியும். 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி ஒரு ஆட்டம் உண்டு. ஊருக்கு ஊர் விதிகள் கொஞ்சம் மாறும். உங்கள் வீட்டு விதியை வீட்டுப் பெரியவரிடம் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் நாள்: எண் சொல்லும் பூனை

பிரவுசரைத் திறந்து அட்ரஸ் பாரில் ஸ்கிராட்ச் டாட் எம்ஐடி டாட் ஈடியூ என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டவும். மேலே உள்ள கிரியேட் என்பதில் கிளிக் செய்திடவும். டுட்டோரியல் பெட்டி ஏதாவது வந்தால் மூடிவிடவும்.

இப்போது கிடைக்கும் திரையில் மூன்று பகுதிகள் இருக்கும். இடது பக்கம் வண்ண வண்ணமாகக் கட்டளைத் துண்டுகள். இவற்றுக்கு பிளாக் என்று பெயர். நடுவில் வெற்றிடம். பிளாக்குகளை இழுத்து வந்து அடுக்க வேண்டிய இடம் இது. வலது பக்கம் ஒரு பூனை நிற்கும் மேடை.

1. இடது ஓரத்தில் ஈவென்ட்ஸ் என்ற வட்டத்தில் கிளிக் செய்யவும். அதில் வென் ஸ்பேஸ் கீ பிரஸ்டு என்ற பிளாக்கை நடுப்பகுதிக்கு இழுத்து விடவும்.
2. வேரியபிள்ஸ் என்பதைக் கிளிக் செய்து, மேக் எ வேரியபிள் என்ற பட்டனை அழுத்தவும். பெயர் கேட்கும் இடத்தில் மொத்தம் என்று டைப் செய்து ஓகே கொடுக்கவும். தமிழிலேயே பெயர் வைக்கலாம். வேரியபிள் என்றால் ஒரு டப்பா என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். டப்பாவின் மேல் ஒட்டிய பெயர் மொத்தம். உள்ளே இருக்கும் எண் மாறிக்கொண்டே இருக்கும்.
3. அதே இடத்தில் செட் என்று தொடங்கும் பிளாக் இருக்கும். அதை இழுத்து முதல் பிளாக்கின் கீழே ஒட்டவும். அதில் உள்ள சிறிய அம்புக்குறியைக் கிளிக் செய்து மொத்தம் என்பதைத் தேர்வு செய்யவும்.
4. பச்சை நிற ஆபரேட்டர்ஸ் பகுதிக்குச் சென்று பிக் ராண்டம் பிளாக்கை எடுத்து, செட் பிளாக்கில் 0 என்று இருக்கும் குழிக்குள் விடவும். அதில் 1, 10 என்று இருப்பதை 0, 6 என்று மாற்றவும்.
5. கன்ட்ரோல் பகுதியில் இருந்து இஃப் தென் பிளாக்கைக் கொண்டுவந்து கீழே ஒட்டவும். அதன் அறுகோணக் குழிக்குள் ஆபரேட்டர்ஸ் பகுதியில் உள்ள சமக்குறி பிளாக்கை வைக்கவும். சமக்குறியின் இடது பக்கம் மொத்தம் என்ற வேரியபிளை இழுத்து விடவும். வலது பக்கம் 0 என்று டைப் செய்யவும். இஃப் பிளாக்கின் வாய்க்குள் இன்னொரு செட் பிளாக்கை வைத்து, மொத்தம் 12 என்று அமைக்கவும்.
6. லுக்ஸ் பகுதியில் சே ஹலோ பார் 2 செகண்ட்ஸ் என்ற பிளாக் உள்ளது. அதை எல்லாவற்றுக்கும் கடைசியாக, இஃப் பிளாக்குக்கு வெளியே ஒட்டவும். ஹலோ என்ற இடத்தில் மொத்தம் வேரியபிளை விடவும்.

மேடையில் ஒரு கிளிக் செய்துவிட்டு ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள். பூனை ஓர் எண்ணைச் சொல்லும். தட்டத் தட்ட வேறு வேறு எண் வரும்.

எங்கள் வீட்டில் இதைச் செய்து முடிக்கப் பத்தே நிமிடம்தான் ஆனது. முந்தின நாள் சின்னவன் பித்தளைக் கட்டையில் இருபது தடவை உருட்டியும் தாயம் விழாமல் அழுதிருந்தான். "கட்டை சரியில்லை மாமா, இனிமே பூனைதான்" என்று அறிவித்துவிட்டான். தரையில் கட்டம் போட்டு, கம்ப்யூட்டரை ஸ்டூலில் வைத்து ஆட்டம் ஆரம்பமானது. என் அம்மாவும் வந்து உட்கார்ந்தார்கள்.

அரை மணி நேரம் கூட ஆகவில்லை. அம்மா என்னைப் பார்த்து, "ஏல, இது கட்டையா, என்னது? பன்னிரண்டு இப்பிடியா மழையா கொட்டும்? ஒருத்தன் கையிலேயே ஆட்டம் நிக்குது, அடுத்தவளுக்கு வரவே மாட்டேங்குது" என்றார்கள்.

மூத்தவள் உடனே, "ஆச்சி, கம்ப்யூட்டர் தப்பே பண்ணாது" என்றாள். நானும் சிரித்துக்கொண்டு, "அதிர்ஷ்டம்மா, அப்படித்தான் விழும்" என்றேன். இன்ஜினீயரிங் படித்தவன் சொன்னால் அதற்கு மேல் என்ன பேசுவது? அம்மா, "அஞ்சு வயசுல இருந்து இந்தக் கட்டையை உருட்டுதேன். சரி, நீங்களே ஆடுங்க" என்று எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார்கள். பித்தளைக் கட்டையும் அவர்களோடு போய்விட்டது.

இரண்டாம் நாள்: எண்ணிப் பார்ப்பது

அன்று இரவு எனக்கு அது உறுத்தலாகவே இருந்தது. மறுநாள் காலை பிள்ளைகளைக் கூப்பிட்டு, "ஆச்சி சொன்னது சரியா, கம்ப்யூட்டர் சரியா என்று நாமே பார்த்துவிடலாம்" என்றேன். நீங்களும் இதை அவசியம் செய்யுங்கள். இன்றைக்குக் கம்ப்யூட்டர் வேலை குறைவு, நோட்டு வேலைதான் அதிகம்.

நோட்டில் 1, 2, 3, 4, 5, 6, 12 என்று ஏழு வரிகள் எழுதவும். ஒரு பிள்ளை ஸ்பேஸ் பாரைத் தட்ட, இன்னொரு பிள்ளை விழும் எண்ணுக்கு நேராகக் கோடு போடட்டும். நான்கு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது கோடு போட்டால் எண்ணுவது எளிது. 70 தடவை தட்டவும். அடுத்து புதிய பக்கத்தில் அதே ஏழு வரிகள். இப்போது நிஜக் கட்டையை 70 தடவை உருட்டி எழுதவும்.

எங்களுக்குக் கிடைத்தது இது. பூனை 70 முறையில் 11 முறை பன்னிரண்டு சொன்னது. பித்தளைக் கட்டையில் பன்னிரண்டு விழுந்தது 4 முறைதான். பூனை மூன்று சொன்னது 9 முறை. பித்தளைக் கட்டையில் மூன்று விழுந்ததோ 18 முறை. இதை வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ள முடியாது.

மூத்தவள் நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சா மாமா?" என்றாள். கம்ப்யூட்டர் கெடவில்லை. 0 முதல் 6 வரை ஏழு எண்களையும் சம வாய்ப்போடு எடு என்று நான் சொன்னேன். அது அப்படியே எடுத்துக்கொடுத்தது. கேட்டவன் தவறாகக் கேட்டுவிட்டான்.

எங்கே தவறு?

நோட்டில் நான்குக்கு நான்கு என்று 16 கட்டங்கள் போடுங்கள். மேலே முதல் கட்டையின் எண்கள் 0, 1, 2, 3. பக்கவாட்டில் இரண்டாவது கட்டையின் எண்கள் 0, 1, 2, 3. ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டின் கூட்டலை எழுதச் சொல்லுங்கள். பிறகு எந்த எண் எத்தனை கட்டத்தில் வந்திருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். விடை இப்படி வரும்:

பன்னிரண்டு (0 + 0): 1 கட்டம்
தாயம்: 2 கட்டம்
இரண்டு: 3 கட்டம்
மூன்று: 4 கட்டம்
நான்கு: 3 கட்டம்
ஐந்து: 2 கட்டம்
ஆறு: 1 கட்டம்

மூன்று விழ நான்கு வழிகள் உள்ளன: 0+3, 1+2, 2+1, 3+0. பன்னிரண்டு விழ ஒரே வழிதான். இரண்டு கட்டையும் வெறுமையாக விழ வேண்டும். ஆக, பன்னிரண்டுக்கு 16ல் 1 வாய்ப்பு. நான் செய்த பூனையிலோ 7ல் 1 வாய்ப்பு. இரண்டு மடங்குக்கும் மேல்!

அம்மா சொன்ன இரண்டாவது குறையும் இதிலேயே தெரிந்துவிடும். மறு ஆட்டம் தரும் எண்கள் 1, 5, 6, 12. நிஜக் கட்டையில் இவை 16 கட்டத்தில் 6 கட்டங்கள்தான். என் பூனையில் 7 எண்ணில் 4 எண்கள், அதாவது பாதிக்கும் மேல். ஒருவர் கையிலேயே ஆட்டம் நின்றதற்குக் காரணம் இதுதான்.

சின்னவன் அழுததற்கும் விடை இருக்கிறது. தாயத்துக்கு 16ல் 2, அதாவது 8ல் 1 வாய்ப்பு. எட்டு தடவை போட்டால் ஒரு தாயம் கட்டாயம் விழும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. 100 பேர் ஆளுக்கு எட்டு தடவை உருட்டினால் சுமார் 34 பேருக்குத் தாயமே விழாது. இருபது தடவை உருட்டினாலும் சுமார் 7 பேர் வெறுங்கையோடுதான் உட்கார்ந்திருப்பார்கள். அன்றைக்கு அவன் அந்த ஏழில் ஒருவன். பித்தளைக் கட்டையில் குற்றம் இல்லை.

நான் திண்ணைக்குப் போய் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "நான் சொன்னப்ப யாரு கேட்டா?" என்றார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. "இன்னைக்குச் சரி பண்ணுவோம், நீங்க வந்து உருட்டிப் பாத்துச் சொன்னாத்தான் முடிஞ்சதா அர்த்தம்" என்று பிள்ளைகளே கூப்பிட்டு வந்தார்கள்.

மூன்றாம் நாள்: உண்மையான இரண்டு கட்டைகள்

இன்று கட்டைகளை வரைந்து, கணக்கையும் சரிசெய்வோம்.

1. திரையின் வலது கீழ்ப்பகுதியில் பூனை முகம் போட்ட வட்ட பட்டன் இருக்கும். கிளிக் செய்யாமல் மவுஸை அதன் மேல் நிறுத்தினால் மேல்நோக்கி ஒரு பட்டியல் விரியும். பிரஷ் படம் உள்ள பெயிண்ட் என்பதைக் கிளிக் செய்யவும்.
2. வரையும் பகுதி திறக்கும். மஞ்சள் நிறத்தைத் தேர்வு செய்து, செவ்வகக் கருவியால் நடுவில் நீளமான ஒரு கட்டை வரையவும். புள்ளி வேண்டாம். இது வெறுமைப் பக்கம்.
3. இடது ஓரத்தில் இந்தப் படம் சிறியதாகத் தெரியும். இதற்கு காஸ்ட்யூம் என்று பெயர். அதன் மேல் ரைட் கிளிக் செய்து டூப்ளிகேட் கொடுக்கவும். புதிய படத்தில் வட்டக் கருவியால் ஒரு கறுப்புப் புள்ளி வைக்கவும். இதை டூப்ளிகேட் செய்து இரண்டாவது புள்ளி. மறுபடி டூப்ளிகேட் செய்து மூன்றாவது புள்ளி. இப்போது நான்கு காஸ்ட்யூம்கள் வரிசையாக இருக்க வேண்டும்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. வரிசை முக்கியம்.
4. மேலே கோட் என்ற டேபைக் கிளிக் செய்து, வேரியபிள்ஸ் பகுதியில் கட்டை1, கட்டை2 என்று இரண்டு புதிய வேரியபிள்களை உருவாக்கவும். பார் ஆல் ஸ்பிரைட்ஸ் என்ற தேர்வு அப்படியே இருக்கட்டும்.
5. கீழே பூனையின் படத்தைக் கிளிக் செய்து பூனையின் பிளாக்குகளுக்குத் திரும்பவும். ஸ்பேஸ் கீ பிளாக்குக்கு அடுத்து நான்கு பிளாக்குகள் இந்த வரிசையில் வர வேண்டும். முதலில் செட் கட்டை1. அதன் குழியில் பிக் ராண்டம் 0 டு 3. அடுத்து செட் கட்டை2; அதிலும் பிக் ராண்டம் 0 டு 3. மூன்றாவது, முதல் நாள் வைத்த செட் மொத்தம் பிளாக். அதில் பிக் ராண்டமை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, ஆபரேட்டர்ஸ் பகுதியில் உள்ள கூட்டல் பிளாக்கை வைத்து, கட்டை1 + கட்டை2 என்று அமைக்கவும். நான்காவது, ஈவென்ட்ஸ் பகுதியில் உள்ள பிராட்காஸ்ட் மெசேஜ்1. அதற்குக் கீழே பழைய இஃப் பிளாக்கும் சே பிளாக்கும் அப்படியே இருக்கட்டும்.
6. இப்போது கட்டையின் படத்தைக் கிளிக் செய்யவும். ஈவென்ட்ஸ் பகுதியில் இருந்து வென் ஐ ரிசீவ் மெசேஜ்1. அதன் கீழே லுக்ஸ் பகுதியில் உள்ள ஸ்விட்ச் காஸ்ட்யூம் டு. அதன் குழிக்குள் கூட்டல் பிளாக்கை விட்டு, கட்டை1 + 1 என்று அமைக்கவும். ஏன் ஒன்றைக் கூட்டுகிறோம்? வெறுமைப் பக்கம் முதல் காஸ்ட்யூம். அதாவது புள்ளி 0 என்றால் காஸ்ட்யூம் 1. புள்ளி 3 என்றால் காஸ்ட்யூம் 4.
7. கட்டையின் சிறு படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து டூப்ளிகேட் கொடுத்தால் பிளாக்குகளோடு இன்னொரு கட்டை கிடைக்கும். அதில் கட்டை1 இருக்கும் இடத்தில் கட்டை2 வேரியபிளை விடவும். மேடையில் பூனையை ஓரமாகவும் கட்டைகளை ஒன்றின் கீழ் ஒன்றாகவும் இழுத்து வைக்கவும்.

ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள். இரண்டு கட்டைகளும் மாறும். பூனை மொத்தத்தைச் சொல்லும். கட்டையில் தெரியும் புள்ளிகளும் பூனை சொல்வதும் ஒத்துப்போகின்றனவா என்று பிள்ளைகள் பத்துப் பதினைந்து தடவை சரிபார்க்கட்டும்.

முடித்ததும் மேலே பைல் மெனுவில் சேவ் டு யுவர் கம்ப்யூட்டர் என்பதைக் கிளிக் செய்யவும். பைல் பெயரின் கடைசியில் எஸ்.பி.3 என்று இருக்கும். மறுநாள் அதே பைல் மெனுவில் லோட் பிரம் யுவர் கம்ப்யூட்டர் கொடுத்துத் திறக்கலாம். கோடையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சேவ் செய்திடுங்கள்.

நான்காம் நாள்: ஆச்சியின் குரலில் "தாயம்!"

இன்று பெரியவர்களுக்குத்தான் முக்கிய வேலை. பூனையைத் தேர்வு செய்து, மேலே சவுண்ட்ஸ் டேபைக் கிளிக் செய்யவும். இடது கீழ்ப்பகுதியில் உள்ள பட்டன் மேல் மவுஸை நிறுத்தி, மைக் படம் உள்ள ரெக்கார்டு என்பதைக் கிளிக் செய்யவும். மைக்கைப் பயன்படுத்தலாமா என்று பிரவுசர் கேட்டால் அலவ் கொடுக்கவும். லேப்டாப்பில் மைக் உள்ளேயே இருக்கும். டெஸ்க்டாப் என்றால் மைக் உள்ள ஹெட்போன் வேண்டும். பதிவு முடிந்ததும் ஸ்டாப், பிறகு சேவ்.

பிறகு கோட் டேபுக்குத் திரும்பி, சே பிளாக்குக்கு மேலே இன்னொரு இஃப் தென் பிளாக்கை ஒட்டவும். மொத்தம் = 1 என்று அமைத்து, அதன் வாய்க்குள் சவுண்ட் பகுதியில் உள்ள ஸ்டார்ட் சவுண்ட் பிளாக்கை வைத்து, நீங்கள் பதிவு செய்த ஒலியைத் தேர்வு செய்யவும். இதே முறையில் பன்னிரண்டுக்கும் ஒரு குரல் வைக்கலாம்.

என் அம்மா முதலில் மைக் முன் வாயையே திறக்கவில்லை. பேரன் பிடித்த பிடியில் மூன்றாவது தடவை போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் இருந்து எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பைலை நான் இரண்டு இடத்தில் காப்பி செய்து வைத்திருக்கிறேன். நீங்களும் பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். விளையாட்டை ஸ்கிராட்ச் தளத்தில் எல்லோருக்கும் ஷேர் செய்தால் அந்தக் குரலும் வெளியே போகும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். குரலுக்கு உரியவரைக் கேட்காமல் ஷேர் செய்ய வேண்டாம்.

ஐந்தாம் நாள்: 1600 தடவை உருட்டுவது

கையால் 1600 தடவை உருட்டினால் கை வீங்கிவிடும். கம்ப்யூட்டர் சலிக்காமல் செய்யும். பூனையின் பிளாக் பகுதியில், பழையதைத் தொடாமல் தனியாக இதை அமைக்கவும்.

1. வேரியபிள்ஸ் பகுதியில் மேக் எ லிஸ்ட் கொடுத்து எண்ணிக்கை என்று பெயர் வைக்கவும். லிஸ்ட் என்பது வரிசை எண் போட்ட டப்பாக்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
2. ஈவென்ட்ஸ் பகுதியில் இருந்து பச்சைக் கொடி பிளாக். அதன் கீழே டெலீட் ஆல் ஆஃப் எண்ணிக்கை. அடுத்து கன்ட்ரோல் பகுதியில் உள்ள ரிப்பீட், எண் 12. அதன் வாய்க்குள் ஆட் பிளாக். அதில் 0 என்று மாற்றவும். இப்போது 12 டப்பாக்களிலும் பூஜ்ஜியம்.
3. அதன் கீழே இன்னொரு ரிப்பீட், எண் 1600. இதன் வாய்க்குள், மூன்றாம் நாள் செய்த அதே மூன்று செட் பிளாக்குகள், பூஜ்ஜியத்தைப் பன்னிரண்டாக்கும் இஃப் பிளாக், கடைசியாக ரிப்ளேஸ் ஐட்டம் என்ற பிளாக்.
4. ரிப்ளேஸ் பிளாக்கில் ஐட்டம் எண் இருக்கும் குழியில் மொத்தம் வேரியபிள். வித் என்பதற்கு அடுத்த குழியில் ஒரு கூட்டல் பிளாக். அதன் இடது பக்கம் ஐட்டம் மொத்தம் ஆஃப் எண்ணிக்கை, வலது பக்கம் 1. எந்த எண் விழுந்ததோ அந்த டப்பாவில் ஒன்றைக் கூட்டு என்பது இதன் பொருள்.

எடிட் மெனுவில் டர்ன் ஆன் டர்போ மோட் கொடுத்துவிட்டு, மேடைக்கு மேலே உள்ள பச்சைக் கொடியைக் கிளிக் செய்யவும். லிஸ்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் 12 வரிகளும் தெரியும். 7 முதல் 11 வரை பூஜ்ஜியமாகவே இருக்கும். அந்த எண்கள் விழவே முடியாது.

கிளிக் செய்வதற்கு முன்பே, 16 கட்டக் கணக்கைப் பார்த்து ஒவ்வொரு எண்ணும் எத்தனை விழும் என்று பிள்ளைகள் எழுதி வைக்கட்டும். 1600ல் பன்னிரண்டு சுமார் 100, தாயம் 200, இரண்டு 300, மூன்று 400, நான்கு 300, ஐந்து 200, ஆறு 100. அச்சாக அதே எண் வராது. பன்னிரண்டு பெரும்பாலும் 80க்கும் 120க்கும் நடுவில் வரும். ஒவ்வொரு முறை கொடியைக் கிளிக் செய்யும்போதும் கொஞ்சம் மாறும். பன்னிரண்டு 230 பக்கம் வந்தால் நான் முதல் நாள் செய்த தவறை நீங்களும் எங்கேயோ செய்திருக்கிறீர்கள்.

சில பிரச்னைகளும் தீர்வுகளும்

ஸ்பேஸ் பாரைத் தட்டியும் ஒன்றும் நடக்கவில்லை: மேடையின் மேல் ஒரு கிளிக் செய்துவிட்டுத் தட்டவும்.

பூனை எண்ணுக்குப் பதில் "மொத்தம்" என்ற சொல்லையே சொல்கிறது: வேரியபிளை இழுத்து விடாமல் டைப் செய்துவிட்டீர்கள். வேரியபிள்ஸ் பகுதியில் உள்ள முட்டை வடிவ பிளாக்கை இழுத்து விடவும்.

பூனை 0 சொல்கிறது: இஃப் பிளாக் சே பிளாக்குக்குக் கீழே போய்விட்டது. மேலே தூக்கி வைக்கவும்.

கட்டையில் ஒரு புள்ளி குறைவாகத் தெரிகிறது: ஸ்விட்ச் காஸ்ட்யூம் பிளாக்கில் +1 விட்டுப்போயிருக்கும். அல்லது காஸ்ட்யூம் வரிசை மாறியிருக்கும்.

தமிழில் டைப் செய்ய வரவில்லை: விண்டோஸ் 10ல் 2019 முதல் தமிழ்99, அஞ்சல் கீபோர்டுகள் உள்ளன. செட்டிங்ஸில் லாங்குவேஜ் பகுதிக்குச் சென்று தமிழைச் சேர்த்துக்கொள்ளலாம். முடியாவிட்டால் ஆங்கிலத்திலேயே பெயர் வைக்கவும். வேலை ஒன்றுதான்.

வீட்டுப்பாடம்

புளியங்கொட்டை நான்கு எடுத்து, ஒரு பக்கம் வெள்ளை தெரியும்படி தரையில் தேய்த்துக்கொள்ளுங்கள். உருட்டினால் வெள்ளை எத்தனை விழும்? இரண்டு பக்கமும் சமமாக விழும் என்றால் 16ல் ஒரு முறை வெள்ளையே வராது. 4 முறை ஒன்று, 6 முறை இரண்டு, 4 முறை மூன்று, ஒரு முறை நான்கு. ஆனால் தேய்த்த கொட்டை ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் மேடு. அது சமமாக விழுமா? கம்ப்யூட்டரிடம் கேட்டால் நாம் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லும். கொட்டையை 160 தடவை உருட்டி எண்ணிப் பார்த்துவிட்டு, பிறகு பூனைக்குச் சொல்லிக் கொடுங்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மா 40 தடவை ஸ்பேஸ் பாரைத் தட்டிப் பார்த்தார்கள். சின்னவன் கோடு போட்டான். பன்னிரண்டு இரண்டு தடவை விழுந்தது. "இப்பச் சரியா இருக்கு" என்றார்கள். அப்புறம் கம்ப்யூட்டரை ஆஃப் செய்யச் சொல்லிவிட்டு, பித்தளைக் கட்டையை எடுத்து, "வாங்க, நிஜ ஆட்டம் ஆடுவோம்" என்று கட்டத்தின் முன் உட்கார்ந்தார்கள். யாரும் மறுத்துப் பேசவில்லை.

உங்கள் வீட்டிலும் முயன்று பாருங்கள். பூனை எண் சொல்லத் தொடங்கியதும், வீட்டில் அதிக நாள் கட்டை உருட்டியவர் யாரோ அவரை முதலில் உட்கார வைத்துக் கேளுங்கள்.